கதை சொல்லும் கிழவி

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து கேரித் தீவுப் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் செம்பனைதான். என் சிறுவயதில் எங்கள் தோட்டத்து மின் இஞ்சினை இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். லயம் இருண்டதும் வாசலில் பாட்டி கதையைத் தொடங்குவார். விடியலில் பால் வெட்டப் போனவன் கண்ட பொந்தியானாக், எல்லைக்கல்லைத் தாண்டியவனைத் துரத்திய முனி என்று ஒரே இரவில் மூன்று நான்கு கதைகள் வரும். ஒரு கதையின் ஆள் அடுத்த கதையில் இருக்கமாட்டான். பேயும் வேறாக இருக்கும். வெற்றிலை இடித்தபடியே பேசும் பாட்டியின் குரல் மட்டும் மாறாது.

தனித்தனித் திகில் கதைகளை ஓர் இதழாகக் கட்டும் காமிக்ஸ் வகையைப் பின்னாளில் தேடித் தேடிப் படித்தபோது, அங்கேயும் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள்.

அமெரிக்காவில் 1947-இல் ஏவன் நிறுவனம் ‘ஈரி காமிக்ஸ்’ என்ற ஒற்றை இதழை வெளியிட்டது. தொடர்ந்து வந்த முதல் திகில் இதழ் 1948-இல் தொடங்கிய ‘அட்வென்சர்ஸ் இன்டு தி அன்னோன்’. ஆனால் இந்த வகைக்கு உருவம் கொடுத்தது வில்லியம் கெயின்ஸின் ஈ.சி. நிறுவனம்தான். தந்தை படகு விபத்தில் இறந்தபின் நிறுவனம் அவர் கைக்கு வந்தது. 1950-இல் அவரும் ஆல் ஃபெல்ட்ஸ்டீனும் மூன்று திகில் இதழ்களைத் தொடங்கினார்கள். அவற்றுள் புகழ்பெற்றது ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’. இதழுக்கு ஒருவராகக் கதை சொல்ல மூவர்: கல்லறைக் காவலன், நிலவறைக் காவலன், கிழட்டுச் சூனியக்காரி. ஒருவர் இதழுக்குள் மற்றவரும் வந்து போவார்கள்.

அந்தக் கதைகளைச் செய்த விதம் சொல்லத் தகுந்தது. கெயின்ஸ் இரவெல்லாம் படித்துக் கதைக் கருக்களைக் குறித்துக்கொண்டு வருவார். அவற்றில் ஒன்றை இருவரும் பேசி வளர்ப்பார்கள். ஃபெல்ட்ஸ்டீன் கட்டம் பிரித்து, வசனத்தை நேராக ஓவிய அட்டையிலேயே எழுதிவிடுவார். எழுத்து ஏறிய அட்டைதான் ஓவியருக்குப் போகும். அதில் மிஞ்சிய இடத்தில் கிரஹாம் இங்கெல்ஸோ ஜாக் டேவிஸோ படம் போட வேண்டும். ஒரு கதைக்கு ஏழெட்டுப் பக்கம். கொலைகாரனுக்கு அவன் செய்த வினையே திரும்பி வரும் கடைசிக் கட்டத்துக்காகத்தான் முன்னுள்ள பக்கங்கள் அத்தனையும். அந்தக் கட்டம் முடிந்ததும் சூனியக்காரி எட்டிப்பார்த்துக் கேலியாக ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில்தான் வாசகனுக்கு மூச்சு திரும்பும். கதைக்கு வெளியே ஒருவர் பயமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்ற தெம்பில்தான் அவன் அடுத்த கதைக்குள் போகிறான்.

நான்கு ஆண்டுகளில் இடி விழுந்தது. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் 1954-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று செனட் துணைக்குழு கெயின்ஸை விசாரித்தது. வெட்டுண்ட பெண் தலையை ஒருவன் கையில் பிடித்திருக்கும் ஓர் அட்டைப் படத்தைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று செனட்டர் கெஃபாவர் கேட்டார். திகில் இதழின் அட்டைக்கு நல்ல ரசனைதான் என்று கெயின்ஸ் சொன்ன பதில் அவருக்கே பாதகமாகிவிட்டது. அந்த ஆண்டே பதிப்பாளர்கள் கூடித் தங்களுக்கென ஒரு நெறிமுறை வகுத்தார்கள். தலைப்பில் ‘ஹாரர்’ என்ற சொல் வரக்கூடாது. ரத்தக் காட்டேரியும் நடக்கும் பிணமும் கூடாது. ஈ.சி.யின் திகில் இதழ்கள் நின்றன. அப்போது மலாயாவை ஆண்டுகொண்டிருந்த பிரிட்டனும் 1955-இல் தன் நாட்டில் இத்தகைய இதழ்களுக்கு எதிராகச் சட்டம் போட்டது. பிள்ளைகள்மீதான அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அநீதி செய்தவனை அநேகமாகத் தப்பவிடாத கதைகள் அவை. அதை யாரும் எடைபோட்டதாகத் தெரியவில்லை.

1964-இல் வாரன் நிறுவனத்தின் ‘கிரீப்பி’ கறுப்பு வெள்ளைப் பத்திரிகையாக வந்து அந்த நெறிமுறைக்கு வெளியே நின்றது. 1971-இல் நெறிமுறையும் தளர்ந்தது.

தமிழுக்கு இந்த வகையைக் கொண்டுவந்தது சிவகாசி. 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸைத் தொடங்கிய சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன், 1984-இல் லயன் காமிக்ஸையும் 1986-இல் ‘திகில்’ காமிக்ஸையும் தொடங்கினார். மொழிபெயர்த்த சின்னச் சின்னத் திகில் கதைகள் அதில் வந்தன. கதை சொல்ல ஒரு கருப்புக் கிழவியும் வந்தாள். பின்னால் பேட்மேனும் கேப்டன் பிரின்ஸும் ‘திகி’லுக்குள் வந்துவிட்டார்கள். சாகசம் பிடிக்கும்தான், எனக்கு வேண்டியிருந்தவள் கிழவி.

இத்தனைக்கும் அவளுக்கு முன்பே நம்மிடம் வேதாளம் இருந்தது. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கியபடி பிணமே கதை சொல்கிறது. மரபில் இருபத்தைந்து கதைகள்தான். 1947-இல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா அதோடு நிறுத்தவில்லை. புதுப்புதுக் கதைகளையும் வேதாளத்தின் வாயில் போட்டது. வாளேந்திய அரசன் பிணத்தைச் சுமந்துவரும் ஓவியர் சங்கரின் படம், கதையைப் படிக்காதவர்களுக்கும் நினைவிருக்கும். கதைசொல்லி ஒருவர் போதும், எத்தனை கதையையும் ஒரே கயிற்றில் கோத்துவிடலாம் என்பதை அமெரிக்கச் சூனியக்காரிகளுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே கண்டுகொண்ட மரபு இது.

கிள்ளானிலிருந்து மாமா ஒருமுறை ‘திகில்’ இதழ் ஒன்றை வாங்கிவந்தார். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. இஞ்சின் நின்றபின் மண்ணெண்ணெய் விளக்கருகே நான் வாய்விட்டுப் படித்தேன். நடுவில் நிறுத்தச் சொல்லிக் கிழவியின் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெற்றிலை உரலை எடுத்துக்கொண்டார்.

“சரி, அடுத்தத படிய்யா. கொரல் நடுங்காமப் படி.”