தன்பாலீர்ப்பினர் உரிமை இயக்கமும் நேரடி நடவடிக்கையும்: தில்லி இயக்கமொன்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

சமூக இயக்கங்களை ஆராய்வோர் அவற்றின் கோரிக்கைகளுக்கு அளிக்கும் கவனத்தை அவற்றின் போராட்ட வடிவங்களுக்கு அளிப்பதில்லை. ஒரு கோரிக்கையுடன் எவ்வர்க்கத்தினர் இணைவர், எவர் விலகி நிற்பர் என்பதை அக்கோரிக்கை முன்வைக்கப்படும் வடிவமும் பெருமளவு நிர்ணயிக்கின்றது. தன்பாலீர்ப்பினர் உரிமை இயக்கத்தில் தோன்றிய நேரடி நடவடிக்கைக் குழுக்களை இக்கண்ணோட்டத்தில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாதிக்கப்பட்டோர் பிரதிநிதிகள் வாயிலாக மனுச் செய்து காத்திராது, தாமே பொதுவிடத்திற்கு வந்து அதிகாரத்தை எதிர்கொள்வதே நேரடி நடவடிக்கை எனப்படும். மறியல், உள்ளிருப்பு, வீதிமறிப்பு என்பன அதன் வழமையான வடிவங்கள். வன்னி மக்களுக்கு இது அந்நியமானதன்று. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய தொடர் போராட்டத்தைத் தர்மபுரம் முதலாய அயலூர் மக்கள் நன்கறிவர்.

மேலைநாடுகளில் இவ்வடிவத்தின் வளர்ச்சியைச் சுருக்கமாக நோக்கலாம். 1969 ஜூன் 28ஆம் திகதி நியூயோர்க்கின் ஸ்ரோன்வோல் விடுதியில் பொலிசார் நடத்திய சோதனைக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியின் பின் 'தன்பாலீர்ப்பினர் விடுதலை முன்னணி' உருவாயிற்று. அப்பெயர் வியட்நாமிய தேசிய விடுதலை முன்னணியை நினைவிற் கொண்டு சூட்டப்பட்டது. 1987இல் தோன்றிய 'அக்ற் அப்' இயக்கம், எய்ட்ஸ் நோய்க்கான மருந்தின் விலையையே தன் இலக்காக்கியது. ஏ.இசட்.ரி. என்னும் மருந்துக்கு நோயாளி ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டொலர் செலுத்தவேண்டியிருந்தது. 1989 செப்ரெம்பரில் அவ்வியக்கத்தினர் நியூயோர்க் பங்குச் சந்தையினுள் நுழைந்து தம்மைச் சங்கிலியாற் பிணைத்துக்கொண்டனர். சில நாட்களில் அம்மருந்தின் விலை இருபது வீதத்தாற் குறைக்கப்பட்டது. மருந்துக் கம்பனியின் இலாபத்தையும் நோயாளியின் உயிரையும் ஒரே தராசில் வைத்துக் காட்டியமையே இப்போராட்டத்தின் சிறப்பு எனலாம்.

எனினும் எமது ஆய்வுக்கு மிகுந்த பயன் தருவது, 1980களின் இறுதியில் தில்லியில் தோன்றிய எய்ட்ஸ் பாகுபாட்டு எதிர்ப்பு இயக்கமாகும். 'எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன்' என்பது அதன் இந்திப் பெயர். தன்பாலீர்ப்பினர் மாத்திரம் சேர்ந்தமைத்த குழுவன்று அது. பாலியல் தொழிலாளர்மீது திணிக்கப்பட்ட கட்டாய இரத்தப் பரிசோதனையை அது முதலில் எதிர்த்தது. இரத்தம் விற்று வாழ்வோரின் நிலையை அடுத்து ஆராய்ந்து அறிக்கையிட்டது. இவற்றின் தொடர்ச்சியாகவே 1991இன் இறுதியில் இந்தியாவில் தன்பாலீர்ப்பினர் நிலைபற்றிய அறிக்கையை வெளியிட்டது. உடலையே உழைப்புச் சாதனமாக விற்பவரும், உடலின் விருப்பத்துக்காகத் தண்டிக்கப்படுபவரும் ஒரே பொலிஸ் அதிகாரத்தின் கீழ் நசுங்குகின்றனர் என்ற உணர்வு இவ்வரிசையிற் புலப்படுகின்றது.

1992இல் தில்லி மத்தியப் பூங்காவில், தன்பாலீர்ப்பினர் என்ற சந்தேகத்தின் பேரில் 18 ஆண்களைப் பொலிசார் பிடித்தனர். அதனைக் கண்டித்து ஓகஸ்ற் 11ஆம் திகதி பொலிஸ் தலைமையகத்தின் முன் இவ்வியக்கம் ஆர்ப்பாட்டம் செய்தது. இந்தியாவில் தன்பாலீர்ப்பினர் உரிமைக்காக நிகழ்ந்த முதல் வீதிப் போராட்டங்களில் ஒன்றாக இது கருதப்படுகின்றது. கைது நிகழ்ந்த இடம் பூங்கா என்பது மனங்கொள்ளத்தக்கது. வசதி படைத்தோனுக்குச் சொந்த அறையும் கதவும் உண்டு. அவை இல்லாதவனே பொதுவிடத்திற் பிடிபடுகின்றான். சட்டம் எல்லோர்க்கும் ஒன்றெனினும் அதன் பிடி வர்க்கத்திற்கேற்ப வேறுபடுகின்றது.

1994இல் திகார்ச் சிறையில் ஆணுறை வழங்க நிர்வாகம் மறுத்தபோது, தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவையே எதிர்த்து இவ்வியக்கம் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கிட்டது. அவ்வழக்கு 2001இல் தள்ளுபடியாயிற்று. ஆயினும் அது கிளப்பிய வினா அழியவில்லை. 2018 செப்ரெம்பர் 6ஆம் திகதி இந்திய உச்சநீதிமன்றம், வயதுவந்தோர் தம் சம்மதத்துடன் கொள்ளும் உறவு குற்றமன்று எனத் தீர்த்தது.

இங்கு இடதுசாரிகளின் நிலைப்பாட்டையும் ஆராய்தல் அவசியமாகும். ஒக்ரோபர்ப் புரட்சியின் பின் சோவியத் ருஷ்யாவில் இவ்வுறவு குற்றப்பட்டியலினின்று நீக்கப்பட்டது. 1934இல் மீண்டும் குற்றமாக்கப்பட்டது. 1994இல் பம்பாயில் நடைபெறவிருந்த தன்பாலீர்ப்பினர் மாநாட்டைத் தடைசெய்யுமாறு, பொதுவுடைமைக் கட்சி சார்ந்த மாதர் சம்மேளனத்தின் விமலா பரூக்கி பிரதமரிடம் கோரினார். மேலைச் சீரழிவின் ஊடுருவல் என்பதே அவர் கூறிய காரணம். இவ்வாதம் வரலாற்று நோக்கில் வலுவற்றது. மேலைநாட்டிலிருந்து வந்தது தண்டனைச் சட்டமே. இலங்கையின் 365ஆம் பிரிவு, 1883இல் பிரித்தானிய ஆட்சி இயற்றிய தண்டனைச் சட்டக்கோவைக்கு உரியது. 365அ பிரிவோ 1995இல் திருத்தப்பட்டபோது பெண்களையும் உள்ளடக்கியதாக விரிந்தது. குடியேற்றவாதத்தை எதிர்ப்போர் குடியேற்றவாதச் சட்டத்தின் காவலராதல் பெரும் முரண்பாடாகும்.

இதற்கு எதிரான முன்னுதாரணமும் உண்டு. 1984–85இல் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, இலண்டன் தன்பாலீர்ப்பினர் குழுவொன்று வீதிகளில் உண்டியலேந்தி நிதி திரட்டித் தென் வேல்சின் சுரங்கக் குடும்பங்களுக்கு அனுப்பியது. அதனை அமைத்தவர்களுள் ஒருவரான மார்க் அஷ்ரன் ஓர் இளம் பொதுவுடைமைவாதி. 1985இல் சுரங்கத் தொழிலாளர் தம் சங்கக் கொடிகளுடன் இலண்டனில் தன்பாலீர்ப்பினர் ஊர்வலத்தின் முன்னணியில் நடந்தனர். அவ்வாண்டுத் தொழிற்கட்சி மாநாட்டில் தன்பாலீர்ப்பினர் உரிமைத் தீர்மானம் நிறைவேறுதற்கு அவர்தம் சங்கத்தின் வாக்குப் பலம் துணையாயிற்று.

இலங்கையில் 2022 ஜூன் 25ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு எதிராக மக்கள் கூடியிருந்த காலிமுகத்திடலில் தன்பாலீர்ப்பினரும் திருநரும் ஊர்வலம் சென்றனர். எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற மக்களின் போராட்டக் களத்திலேயே அவர்தம் கோரிக்கையும் ஒலித்தது. 365ஆம், 365அ பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர்நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்மானித்தது. எனினும் அம்மசோதா சட்டமாகாமலே 2024 செப்ரெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. நீதிமன்றம் திறந்த கதவினூடே பாராளுமன்றத்தை நடத்திச் செல்லும் வெகுசனச் சக்தி இல்லாமையையே இது காட்டுகின்றது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை தெளிவாகின்றது. நேரடி நடவடிக்கையின் வலிமை அதன் துணிச்சலில் மட்டும் தங்கியிருக்கவில்லை; பிற ஒடுக்கப்பட்டோரின் கோரிக்கையைத் தன் கோரிக்கையாக ஏற்பதிலும் தங்கியுள்ளது. அந்த ஏற்பு இருபுறமும் நிகழ்தல் வேண்டும். நிலத்துக்காகவும் காணாமற் போன பிள்ளைகளுக்காகவும் வீதியோரத்தில் அமர்ந்த ஒரு சமூகம், தன்னுள்ளேயே அஞ்சி ஒளிந்து வாழும் பிள்ளைகளின் உரிமையைப் பிறர் விவகாரம் என ஒதுக்குமாயின், அது தான் கோரும் நீதியையே குறுக்கிக்கொள்கின்றது. முற்போக்கு இயக்கங்களும் தமிழ்த் தேசிய சக்திகளும் இவ்வினாவுக்கு விடை கூறும் கடப்பாடுடையன.