சட்டத்தில் ஒரு சொல்

2009இல் வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்தபோது என் கணவர் காணாமற்போனார். பிள்ளைகளோடு மன்னாருக்கு வந்து, பேசாலையில் ஒரு கருவாட்டு வாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் பெயரிலிருந்த காசை எடுக்கப் போன இடத்தில், "மரணச் சான்றிதழ் கொண்டு வாங்கோ" என்றார்கள். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி, காணாமற்போனவரை இறந்தவராகப் பதியலாம். அவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் வந்தது. இறந்தவர் என்று எழுதாமலே உதவிப் பணத்துக்கும் சொத்து அலுவல்களுக்கும் விண்ணப்பிக்க வழி பிறந்தது. சட்டத்தில் ஒரு சொல் மாறினால் எங்கள் வாழ்வும் மாறும் என்று அன்று விளங்கியது. அந்தச் சொல் எங்கே மாறுகிறது என்று கேட்டறிந்தேன்.

சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வரும். பிறகு பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படும். இரண்டாம் மதிப்பீட்டில் அதன் நோக்கத்தைப் பற்றி விவாதிப்பார்கள். குழுநிலையில்தான் பிரிவு பிரிவாகப் பார்த்துத் திருத்துவார்கள். துறைசார் மேற்பார்வைக் குழுக்களும் சட்டமூலங்களை ஆராயும். அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்கும். அரசாங்கம் காசை எப்படிச் செலவழித்தது என்று பார்ப்பவை கோபா, கோப் குழுக்கள். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் அவற்றுக்குத் துணை.

இந்த ஆய்வு குறைந்தால் என்ன நடக்கும்? காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகச் சட்டமூலம் 2016 ஆகஸ்டில் பெருங்கூச்சலுக்கிடையே நிறைவேறியது. விவாதம் முழுதாக நடக்கவில்லை. அந்த அலுவலகம் பிறருடன் உடன்படிக்கை செய்யலாம் என்ற பிரிவை நீக்க, 2017இல் இன்னொரு சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. நீக்கியது எங்களுக்கு நன்மையா என்பது வேறு விடயம். அதையும் முதலிலேயே ஆறுதலாகப் பேசியிருக்கலாம்.

சகோதரிகளே, எங்களுக்கும் ஒரு வாசல் உண்டு. அரச அலுவலகமொன்றின் முடிவால் அநீதி நடந்தால், பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு மனுக் கொடுக்கலாம். நேரே அனுப்ப முடியாது; பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரே அதைச் சபையில் சமர்ப்பிக்க வேண்டும். மன்னார், வன்னித் தேர்தல் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் உறுப்பினர் ஒருவரிடம் கொடுங்கள். என்ன நடந்தது, எப்போது, எந்த அலுவலகம், என்ன தீர்வு வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். கடிதப் பிரதிகளை இணையுங்கள். ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள்.

புதிய சட்டமூலம் வருகிறது என்று கேள்விப்பட்டாலும் அந்த உறுப்பினரிடம் போங்கள்; எந்தப் பிரிவு எங்களைப் பாதிக்கும் என்று சொல்லுங்கள். சட்டம் நிறைவேறிய பின் அலைவதைவிட, குழுநிலைக்கு முன் ஒரு தடவை போவது இலேசு.