கைதட்டலைச் சேர்த்தது யார்?

சென்ற ஆண்டு ஏப்ரல் 14 இரவு, விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் நண்பர்களின் இசைக்குழு நடத்திய நிகழ்ச்சியை எட்டுத் தடங்களில் பதிவு செய்தோம். பறை மூன்று, பேஸ் கிதார், கீபோர்டு, பாடுகிறவர்கள் இரண்டு பேர். இவர்களுக்கு ஆளுக்கொரு தடம். எட்டாவது தடம் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்த மைக். ஆள் போதாததால் தமிழ் எம்.ஏ. படித்த நானும் வயர் இழுத்தேன். அதற்குப் பிறகு நான்கு மாதம் கணினி முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மக்கள் இசை பற்றி நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். பதிவான பிறகு அந்த இசைக்கு என்ன நேர்கிறது என்பதை மட்டும் ஏதோ மெக்கானிக் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம்.

முதலில் ஒரு அடிப்படையான விஷயம். ஸ்டுடியோவில் ஒவ்வொருவரையும் தனியறையில் வைத்துப் பதிவு செய்யலாம். மேடையில் அது முடியாது. பாடகியின் மைக்கில் பறையும் விழுகிறது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகும். பறையிலிருந்து பாடகி நான்கு மீட்டர் தள்ளி நின்றால், அவருடைய மைக்குக்குப் பறை 12 மில்லிநொடி தாமதமாகப் போய்ச் சேர்கிறது. இரண்டு தடங்களையும் சேர்த்துப் போட்டால் ஒரே அடி இரண்டு முறை விழுந்து, சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். பறை தகரம் மாதிரிக் கேட்கும். பறையின் தடத்தை அதே 12 மில்லிநொடி பின்னுக்குத் தள்ளினால் ஓரளவு சரியாகும். ஓரளவுதான்.

இதனால் வருகிற விளைவு முக்கியமானது. ஒரு பறைக்காரர் ஓரிடத்தில் அடி தவறினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தடத்தில் மட்டும் அதை வெட்டி எடுத்துவிட முடியாது. மற்ற மைக்குகளில் அந்த அடி அப்படியே இருக்கும். வெட்டினால் எட்டுத் தடங்களையும் ஒரே இடத்தில் சேர்த்து வெட்ட வேண்டும். அந்த இடத்தில் ஒட்டவைக்க அதே பாட்டின் வேறொரு சுற்றை எடுத்துவர வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். பறையின் தோல் நேரமாக ஆகத் தளர்ந்து சுருதி இறங்கும். தீயில் காய்ச்சினால் ஏறும். காய்ச்சுவதற்கு முந்தைய அடியையும் பிந்தைய அடியையும் ஒட்டினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். எந்த மென்பொருளாலும் எளிதில் மறைக்க முடியாத தையல் அது.

அடுத்தது இரைச்சல் நீக்கம். 2000இல் வெளிவந்த ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இது இருக்கிறது. இசை எதுவும் இல்லாத ஒரு துண்டைத் தேர்ந்து 'இதுதான் இரைச்சல்' என்று அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். பிறகு அது முழுப் பதிவையும் அலைவரிசை அலைவரிசையாகப் பார்த்து, அந்த அளவுக்குக் கீழே இருப்பதையெல்லாம் அமுக்கிவிடும். நாங்கள் காட்டிக்கொடுத்தது ஜெனரேட்டர் சத்தத்தை. ஜெனரேட்டர் போயிற்று. கூடவே பறையின் அடி ஓய்ந்த பிறகு காற்றில் நிற்குமே ஒரு அதிர்வு, அதுவும் போயிற்று. தண்ணீருக்குள் கொப்புளம் விடுவதுபோல ஏதோ மிஞ்சியது.

'மென்பொருளிலும் சாதி' என்று உடனே தலைப்புப் போட்டுவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அது அவசரம். டிரம்செட்டின் சிம்பலுக்கும் அது இதையேதான் செய்யும். நிலையான சுருதி இல்லாமல் பரந்து தேய்கிற எந்த ஒலியும் அதன் கணக்கில் இரைச்சலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் கருவிக்குத் தானாக எதுவும் இரைச்சல் இல்லை. எது இரைச்சல் என்று காட்டிக்கொடுக்கிற விரல் நம்முடையது.

கட்டம் விஷயத்தில் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. பல மென்பொருள்களில் புதுக் கோப்பைத் திறந்ததுமே நிமிடத்துக்கு 120 தட்டு என்று சம இடைவெளியில் கோடுகள் போட்டு வைத்திருக்கிறது. தவறி விழுந்த அடிகளை அந்தக் கோட்டுக்கு இழுத்துவிட ஒரு பொத்தான். எங்கள் குழு ஒரு பாட்டை 92இல் தொடங்கி 108இல் முடித்திருந்தது. கூட்டம் ஆட ஆட வேகம் ஏறியிருக்கிறது. கோட்டுக்கு இழுத்துப் பார்த்தோம். எல்லா அடியும் சரியாக இருந்தது, ஒருத்தரும் ஆடமாட்டார்கள். திரும்பப் பழையபடி வைத்தோம்.

மிக்ஸிங் என்பது இதற்குப் பிறகு வருவது. ஒவ்வொரு தடமும் எவ்வளவு சத்தம், இடமா வலமா, முன்னாலா பின்னாலா என்று முடிவு செய்வது. சினிமாப் பாட்டில் பழகிய காது குரலை நடுவில் முன்னால் வைத்து, தாளத்தைப் பின்னால் தள்ளும். நானும் யோசிக்காமல் அதையே செய்தேன். ஆனால் அன்று பறைக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குப் பாதி வரிகள் கேட்டிருக்காது. தூரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு பேஸ் கிதாரே கேட்டிருக்காது. எட்டு இடத்தில் ஒரே சமயத்தில் காது வைத்திருந்தவர் யாருமில்லை. 'நேரடிப் பதிவு' என்று நாம் வெளியிடுவது அந்த இரவில் ஒருவரும் கேட்டிராத ஒரு நிகழ்ச்சி.

இதை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். 1968 ஜனவரி 13 அன்று ஜானி கேஷ் கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறையில் கைதிகள் முன் பாடினார். அந்த ஆண்டே இசைத்தட்டு வந்தது. முதல் பாட்டில், சும்மா சாவதைப் பார்ப்பதற்காக ஒருவனைச் சுட்டேன் என்று பொருள்படும் வரி வருகிறது. உடனே ஒரு கைதியின் உற்சாகக் கூச்சல். அந்த ஒரு கூச்சலை வைத்து அந்த இசைத்தட்டைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கூச்சல் பிற்பாடு தொகுப்பு மேசையில் சேர்க்கப்பட்டது. காவலர்கள் சுற்றி நிற்க, சிறைக்குள் இருந்தவர்கள் அந்த இடத்தில் அப்படிக் கத்தவில்லை. அவர்களுடைய மௌனத்துக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். வெளியே இருந்தவர்களுக்கு அந்த மௌனம் விற்பனைக்கு உதவாது.

தமிழ் படித்தவனுக்கு இங்கே புறநானூறு ஞாபகம் வராமல் இருக்காது. ஏடு சிதைந்த இடங்களில் பதிப்பில் புள்ளிகள் இருக்கின்றன. 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவேயில்லை. அந்த எண்களைக் காலியாகத்தான் விட்டிருக்கிறது. ஒலித் தொகுப்பில் புள்ளி வைக்க வழியில்லை. வெட்டின இரண்டு முனைகளையும் ஒரு பத்து மில்லிநொடி ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு, ஒன்றைத் தேய்த்து மற்றதை ஏற்றினால் போதும். நல்ல தொகுப்பு என்பதன் இலக்கணமே தடயம் தெரியாததுதான்.

இவ்வளவும் யோசித்து, எதையும் வெட்டுவதில்லை, தவறிய அடி உட்பட எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று நான் முடிவுக்கு வந்து, பெருமையோடு குழுவிடம் போட்டுக் காட்டினேன். மூத்த பறைக்காரர் முழுவதும் கேட்டார். அப்புறம் கேட்டார்: “ஏன் தோழர், சினிமாவுல ஒருத்தன் தப்பா அடிச்சா வெட்டிட்டுத்தானே போடறான்? எங்க தப்பு மட்டும் உங்களுக்கு அழகா இருக்கா?”

என்னிடம் பதில் இல்லை. அந்த அசல்தன்மை யாருக்குத் தேவைப்பட்டது என்று பார்த்தால் எனக்குத்தான். அவர் ஐம்பது வருஷமாக அடிக்கிறவர். அவருக்கு அன்று நடந்தது ஒரு தவறு, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக உட்கார்ந்து தொகுத்தோம். மௌஸ் என் கையில், முடிவு அவர்களுடையது. தவறிய அடி போயிற்று. காய்ச்சுவதற்கு முந்தைய சுற்றிலிருந்தே மாற்று கிடைத்தது. பறையை முன்னால் கொண்டுவந்தார்கள், குரல் ஒரு படி இறங்கியது. பாடகிக்கு அதில் வருத்தம், இரண்டு பாட்டில் மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். பறை காய்ச்சிய நான்கு நிமிடத்தை இருபது நொடியாகச் சுருக்கினோம். வைக்கோல் எரிகிற சத்தமும் “இன்னும் கொஞ்சம் காட்டு” என்கிற குரலும் இருக்கின்றன. வேறிடத்துக் கைதட்டலைச் சேர்க்கவில்லை. எந்தெந்த நிமிடத்தில் ஒட்டுப்போட்டிருக்கிறோம் என்பதை உறையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறோம்.

ஜெனரேட்டர் இன்னும் முடிவாகவில்லை. எடுத்துவிடு என்கிறார்கள் இளைஞர்கள். அன்று கரண்டை நிறுத்தினதால்தானே ஜெனரேட்டர் வைத்தோம், அது தெரியட்டும் என்கிறார் பெரியவர்.