உண்ட புரதம் உடலில் அடையும் மாற்றங்கள்

நெற்பயிருக்கு நைதரசன் இன்றியமையாதது என்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். நைதரசன் போதாத வயலில் இலைகள் மஞ்சள் நிறமடையும், மட்டங்கள் குறையும், கதிரும் சிறுக்கும். வேண்டிய அளவு யூரியாவை இட்டதும் பயிர் அதிலுள்ள நைதரசனை வேரினால் உறிஞ்சி, தன் இலையிலும் தண்டிலும் புரதமாக மாற்றுகின்றது. பின்னர் அப்புரதத்தின் பெரும் பங்கு நெல்மணியைச் சென்றடைகின்றது. அந்நெல்லைச் சோறாக்கி உண்ணும் மனிதனோ, அப்புரதத்தைப் பயன்படுத்தியபின் எஞ்சும் நைதரசனைச் சிறுநீருடன் வெளியேற்றுகின்றான். அது வெளியேறும் உருவமும் பெரும்பாலும் யூரியாவேயாகும். வயலில் யூரியாவாகத் தொடங்கிய பயணம் மனித உடலிலும் யூரியாவாகவே முடிவடைகின்றது.

இப்பயணத்தின் இடைப்பகுதியைக் கமக்காரர் அறிந்திருத்தல் மிகவும் பயனுடையது. ஏனெனில், பயறும் உழுந்தும் முட்டையும் விளைவிக்கும் குடும்பங்களிற் பல, அவற்றை முழுவதும் சந்தைக்கு அனுப்பிவிட்டுச் சோற்றையும் சம்பலையும் மட்டும் உண்டு காலங்கழிக்கின்றன. வயிறு நிறைகின்றது, ஆனால் உடலுக்கு வேண்டிய பொருள் கிடைப்பதில்லை. இக்குறையால் முதலில் வாடுவோர் அவ்வீட்டுச் சிறுபிள்ளைகளே.

புரதம் என்பது யாது?

நமது தசை, தோல், மயிர், குருதி ஆகியன யாவும் புரதத்தை அடிப்படையாகக் கொண்டவை. உணவைச் சமிக்கச் செய்யும் நொதியங்களும், நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளும் புரதங்களே. மணிகள் கோத்த மாலைபோல, அமினோவமிலங்கள் எனப்படும் சிறு பகுதிகள் வரிசையாக இணைவதாற் புரதம் உண்டாகின்றது. அமினோவமிலங்கள் 20 வகைப்படும். அவற்றுள் 9 வகைகளை மனித உடல் தானாக ஆக்கிக்கொள்ள இயலாது. அவை உணவின் மூலமே கிடைத்தல் வேண்டும். இவை இன்றியமையாத அமினோவமிலங்கள் எனப்படும்.

மாப்பொருளிலும் கொழுப்பிலும் இல்லாத நைதரசன் புரதத்தில் உண்டு. புரதத்தின் நிறையில் ஏறக்குறைய 16 சதவீதம் நைதரசனாகும். ஆகவே, சோற்றை எவ்வளவு கூட்டினாலும், சீனியை எவ்வளவு சேர்த்தாலும், அவற்றின் மாப்பொருளிலிருந்து உடல் புரதத்தை ஆக்கிக்கொள்ள முடியாது.

சமிபாடு நிகழும் விதம்

பயற்றிலுள்ள புரதமும் மீனிலுள்ள புரதமும் நமது உடற்புரதத்தினின்றும் வேறானவை. ஆதலின் அவற்றை உடல் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. பழைய வீட்டைப் பிரித்து, கற்களை வேறாக்கி, அக்கற்களாற் புதிய வீடு கட்டுவது போன்றதே புரதத்தின் சமிபாடு.

வாயிற் புரதம் மாற்றமடைவதில்லை. மெல்லப்பட்டுச் சிறு துண்டுகளாகின்றது. இரைப்பையிற் சுரக்கும் ஐதரோக்குளோரிக்கமிலம் புரதத்தின் மடிப்புக்களை விரித்து நெகிழச் செய்கின்றது. அவ்வமிலச் சூழலிலேயே தொழிற்படும் பெப்சின் என்னும் நொதியம், நீண்ட மாலையை ஆங்காங்கே வெட்டத் தொடங்குகின்றது.

இரைப்பையின் இத்தொழிலை மனிதர் கண்ணாற் கண்ட வரலாறு வியப்புக்குரியது. 1822 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அலெக்சிசு சென் மாட்டின் என்பவர் துவக்குச் சூட்டினால் வயிற்றிற் காயமடைந்தார். காயம் ஆறியபின்னும் இரைப்பைக்குள் செல்லும் துவாரம் ஒன்று மூடாது நின்றுவிட்டது. அவருக்கு வைத்தியஞ் செய்த உவில்லியம் போமண்ட் என்னும் இராணுவ வைத்தியர், இறைச்சித் துண்டுகளை நூலிற் கட்டி அத்துவாரத்தின் வழியே உள்ளிறக்கி, அவை கரையும் விதத்தை நோக்கினார். இரைப்பைச் சாற்றை வெளியே எடுத்து இளஞ்சூட்டில் வைத்தபோது, பாத்திரத்திலும் இறைச்சி கரைவதைக் கண்டார். அவருடைய நூல் 1833 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சமிபாடு வெறும் அரைத்தலன்று, இரசாயன மாற்றமே என்பது இதனாற் பலருக்கும் தெளிவாயிற்று.

இரைப்பையில் தொடங்கும் வேலை சிறுகுடலிலேயே முற்றுப்பெறுகின்றது. சதையியிலிருந்து வரும் சாறு முதலில் அமிலத்தை நடுநிலையாக்குகின்றது. அச்சாற்றிலுள்ள திரிப்சின், கைமோதிரிப்சின் முதலிய நொதியங்கள் புரதத்தை மேலும் சிறு துண்டுகளாக வெட்டுகின்றன. இந்நொதியங்கள் சதையியில் இருக்கும்போது தொழிற்படா நிலையிலேயே இருக்கும். சிறுகுடலை அடைந்த பின்னரே தூண்டப்பட்டுத் தொழில் தொடங்கும். அவ்வாறின்றேல் அவை சதையியையே சமிக்கச் செய்துவிடும்.

இறுதியாகச் சிறுகுடலின் உட்சுவரில் உள்ள நொதியங்கள் எஞ்சிய வேலையை முடிக்கின்றன. தனி அமினோவமிலங்களும், இரண்டு அல்லது மூன்று அமினோவமிலங்கள் சேர்ந்த மிகச் சிறு துண்டுகளும் குடற்சுவரினால் உறிஞ்சப்படுகின்றன. அச்சிறு துண்டுகளும் குடற்கலங்களுக்குள்ளே பெரும்பாலும் பிரிந்துவிடுகின்றன. இவ்வாறு கிடைத்த அமினோவமிலங்கள் குருதியுடன் கலந்து நேரே ஈரலுக்குச் செல்கின்றன.

ஈரலின் தொழில்

ஈரலை ஒரு பண்டசாலைக் காவலனுக்கு ஒப்பிடலாம். வந்த அமினோவமிலங்களுள் எவை உடலுக்கு அனுப்பப்படவேண்டியவை, எவை மாற்றப்படவேண்டியவை என்பது பெரும்பாலும் அங்கேயே ஒழுங்கு செய்யப்படுகின்றது. வளர்ந்த ஒருவரின் உடலில் நாள்தோறும் ஏறக்குறைய 250 முதல் 300 கிராம் வரையிலான புரதம் சிதைந்து மீண்டும் ஆக்கப்படுகின்றது. சிதைந்த புரதத்தின் அமினோவமிலங்களிற் பெரும் பங்கு திரும்பவும் பயன்படுகின்றது. ஒரு பங்கு மட்டும் இழக்கப்படுகின்றது. அவ்விழப்பை ஈடுசெய்வதற்கே நாம் தினமும் புரதம் உண்கின்றோம்.

ஈண்டு ஒன்றைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். மேலதிக மாப்பொருளை உடல் கொழுப்பாகச் சேமித்து வைக்கும். அமினோவமிலங்களைச் சேமித்து வைப்பதற்கோ உடலிற் களஞ்சியம் இல்லை. இன்று விருந்தில் மிகுதியாக இறைச்சி உண்டு, பின்னர் பல நாட்களுக்குப் புரதமின்றி இருத்தல் பயன் தராது. தேவைக்கு மேற்பட்ட அமினோவமிலங்களிலிருந்து நைதரசன் பகுதி நீக்கப்படும். எஞ்சிய பகுதி குளுக்கோசாகவோ கொழுப்பாகவோ மாறும்; அல்லது எரிந்து சக்தியைக் கொடுக்கும்.

மேலும், உணவு முழுவதும் போதாதவிடத்து உடல் முதலிற் சக்தியையே தேடும். அப்போது உண்ட புரதமும் விறகைப்போல எரிக்கப்படும், தசையும் கரையும். நாள் முழுவதும் மண்வெட்டி பிடிப்பவர் பருப்பு உண்டாலும், சோறு போதாதாயின் அப்பருப்பினால் முழுப் பயனையும் அடையார்.

அமோனியாவும் யூரியாவும்

அமினோவமிலத்திலிருந்து பிரியும் நைதரசன் அமோனியாவாகின்றது. கோழிக்கூட்டின் ஈரக் குப்பையைக் கிளறும்போது மூக்கைத் துளைக்கும் மணம் இதனுடையதே. அமோனியா நஞ்சாகும், சிறப்பாக மூளைக்குத் தீங்கு செய்யும். ஆகவே ஈரல் அதனைக் காபனீரொட்சைட்டிலிருந்து வரும் காபனுடன் சேர்த்துத் தீங்கற்ற யூரியாவாக மாற்றுகின்றது. இம்மாற்றம் படிப்படியாக ஒரு வட்டமாக நிகழ்வதை ஃகான்சு கிறெப்சு, குர்ட் ஃகென்செலைட் என்னும் இருவர் 1932 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே, 1828 ஆம் ஆண்டில், பிரீதரிக்கு வோலர் என்னும் செருமானிய இரசாயனர் யூரியாவை ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டியிருந்தார். நாம் வயலுக்கு இடும் யூரியாவும் உடலில் உண்டாகும் யூரியாவும் ஒரே பொருளேயாம்.

ஈரல் ஆக்கிய யூரியாவைச் சிறுநீரகங்கள் குருதியிலிருந்து வடித்து வெளியேற்றுகின்றன. நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் உண்ணும் ஒருவர் ஏறக்குறைய 14 கிராம் யூரியாவை வெளியேற்றுவார். ஆண்டொன்றுக்கு இது 5 கிலோகிராம் அளவாகும்.

மதுவினால் ஈரல் கெட்டுப்போனவருக்கு அமோனியா முற்றாக யூரியாவாக மாறாது குருதியிற் சேர்ந்து, மயக்கமும் மனக்குழப்பமும் உண்டாகலாம். சிறுநீரகம் பழுதுற்றவருக்கோ யூரியாவும் ஏனைய கழிவுகளும் குருதியிலே தங்கிவிடும்.

சோறும் பருப்பும் சேர்தலின் சிறப்பு

தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 7 கிராம் புரதம் உண்டு. பயறு, உழுந்து, கௌபி, துவரை ஆகியவற்றில் 20 முதல் 25 கிராம் வரை இருக்கும். சோயா அவரையில் 35 கிராமுக்கு மேலுண்டு. மரவள்ளிக் கிழங்கிலோ 1 கிராம் அளவே உளது. ஆகவே மரவள்ளியை மட்டும் காலையுணவாகக் கொள்ளும் பிள்ளைக்கு வயிறு நிறையினும் புரதம் மிகக் குறைவாகவே கிடைக்கும்.

புரதத்தின் அளவைப்போலவே அதன் தரமும் முக்கியமானது. நெற்பயிருக்கு யூரியாவை நிறைய இட்டும் பொட்டாசு போதாதெனின் விளைச்சல் பொட்டாசின் அளவிலேயே தடைப்படுவதைக் கமக்காரர் அறிவர். உடலிலும் அவ்வாறே. இன்றியமையாத அமினோவமிலம் ஒன்று குறையின், அதன் அளவிற்கேற்பவே புதிய புரதம் ஆக்கப்படும். ஏனையவை வீணே எரிக்கப்படும்.

அரிசிப் புரதத்தில் இலைசீன் என்னும் அமினோவமிலம் குறைவு. அவரையினத் தானியங்களில் அது மிகுதி. அவரையினத்தில் மெதியோனீன் குறைவு. அரிசியில் அது போதிய அளவுண்டு. இரண்டையுஞ் சேர்த்துண்ணும்போது ஒன்றின் குறையை மற்றையது நிரப்புகின்றது. சோறும் பருப்பும், இட்டலியும் தோசையும், பயற்றம் பொங்கலும் நம் முன்னோர் வழங்கிய நல்ல சேர்க்கைகளாம். முட்டை, மீன், கருவாடு, பால் என்பவற்றின் புரதத்தில் எல்லா அமினோவமிலங்களும் நல்ல அளவில் உள. ஆகவே சிறு நெத்தலிக் கருவாடும் ஒரு முட்டையும் சோற்றின் பயனைப் பெரிதும் உயர்த்தும்.

நாளொன்றுக்கு எவ்வளவு வேண்டும்?

வளர்ந்தோர்க்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அதன்படி 55 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்கு ஏறக்குறைய 46 கிராம் வேண்டும். 400 கிராம் அரிசியில் 28 கிராமும், 60 கிராம் பயற்றில் 14 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும் சேர்ந்து 48 கிராமாகின்றன. விலையுயர்ந்த புரத மாவகைகள் இதற்கு வேண்டியதில்லை.

வளரும் பிள்ளைகளுக்கு நிறைக்கேற்ற தேவை கூடுதலாகும். ஒரு வயதுக் குழந்தைக்குக் கிலோகிராமுக்கு 1.14 கிராம் வேண்டும். கருப்பவதிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மேலதிகம் தேவை. தாய்ப்பால் குறையும் வயதில் வெறுங் கஞ்சி மட்டுங் கொடுக்கப்படும் குழந்தை மெலியும், வளர்ச்சி குன்றும், நோய்க்கு எளிதில் ஆளாகும். சோளமும் சோயாவும் சேர்ந்த திரிபோசா 1973 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது இக்குறையைப் போக்கும் நோக்குடனேயே.

சமைக்கும் முறை

பச்சைச் சோயா அவரையிலும் ஏனைய அவரையினங்களிலும் திரிப்சினைத் தொழிற்படாது தடுக்கும் பொருள்கள் உண்டு. நன்கு வேகவைப்பின் அவை பெரும்பாலும் அழிந்துவிடும். ஆதலின் அவரையினங்களை ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டு, மெதுவாகும் வரை அவித்தல் வேண்டும். பச்சை முட்டை கூடிய பலந்தரும் என்பது தவறான எண்ணம். அவித்த முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சமிபாடடைய, பச்சை முட்டையில் பாதியளவே சமிபாடடைகின்றது. பச்சை முட்டையினால் நோய்க்கிருமிகள் தொற்றவுங்கூடும்.

சிறுநீரக நோயுள்ளோர் கவனிக்கவேண்டியவை

வடமத்திய மாகாணத்திலும் அதனையடுத்த உலர் வலயப் பகுதிகளிலும் 1990 ஆம் ஆண்டுகளிலிருந்து கமக்காரரிடையே நீண்டகாலச் சிறுநீரக நோய் பெருமளவிற் காணப்பட்டு வருகின்றது. அதன் காரணம் இதுவேயெனத் துணியப்படவில்லை. தொடக்கத்தில் இந்நோய் எவ்வித அறிகுறியுங் காட்டாது வளரக்கூடும். ஆகவே அப்பகுதிகளில் வாழ்வோர் இரத்தத்தையும் சிறுநீரையும் காலந்தவறாது பரிசோதிப்பித்தல் அவசியம். நோய் கண்டவர் தாமாகவே புரதத்தைக் கூட்டுதலும் ஆகாது. பயந்து முற்றாக நிறுத்துதலும் ஆகாது. உண்ணவேண்டிய அளவை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. பெரும்போக அறுவடையின்பின் வயலில் எஞ்சும் ஈரத்தைக் கொண்டு பயறு, உழுந்து அல்லது கௌபி விதைக்கவும். இவற்றின் வேர் முடிச்சுக்களில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனை நிலைப்படுத்துவதால், பயிர்மீதிகளை மண்ணிற் புரட்டிவிடின் மண்ணும் வளம்பெறும்.

2. விளைந்த தானியத்தை விற்குமுன் வீட்டுத் தேவைக்கு ஒதுக்கிவிடவும். நால்வர் கொண்ட குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 60 கிராம் வீதம் மாதத்துக்கு ஏறக்குறைய 7 கிலோகிராம் வேண்டும்.

3. ஒவ்வொரு வேளையும் சோற்றுடன் பருப்போ பயறோ மீனோ முட்டையோ சிறிதளவேனும் சேர்க்கவும். ஒரு நாளில் மிகுதியாக உண்பதிலும் நாள்தோறும் அளவாக உண்பதே சிறந்தது.

4. வீட்டிற் சில கோழிகளை வளர்த்து, முட்டையை முதலிற் பிள்ளைகளுக்கும் கருப்பவதிகளுக்கும் கொடுக்கவும்.

5. கொழுக்கிப்புழு குடலிற் குருதியை உறிஞ்சி, உண்ட உணவின் பயனைக் குறைக்கும். மலசலகூடத்தை உபயோகிக்கவும், தோட்டத்திற் பாதணி அணியவும்.

பருப்பு வகைகளின் நல்விதை பெறும் முறையையும் விதைக்குங் காலத்தையும் உமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக. வயலுக்கு உரமிடும்போது பயிரின் தேவையைக் கணக்கிடும் கமக்காரர், தம் பிள்ளைகளின் உணவிலும் அதே கணக்கைப் பார்ப்பாராயின், அதனால் வரும் விளைவு எந்தப் போகத்தின் விளைச்சலிலும் மேலானதாகும்.