நஞ்சு விழும்வரை காத்திருக்க வேண்டாம்

வெள்ளாட்டுக் குட்டி நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல்தான் பிறக்கிறது. மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே தாயின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதங்கள் வந்துசேர்ந்துவிடும். ஆட்டின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. தாய் சேர்த்து வைத்த பாதுகாப்பெல்லாம் சீம்பாலில் இருக்கிறது. அந்தப் புரதங்களைக் குட்டியின் குடல் சிதைக்காமல் ரத்தத்துக்குள் விடுவதும் பிறந்த சில மணி நேரம்தான். நேரம் ஆக ஆக அது குறைந்து, ஏறக்குறைய ஒரு நாளில் நின்றுவிடும். பிறகு எவ்வளவு சீம்பால் குடித்தாலும் வயிறு நிறையுமே தவிர எதிர்ப்புச் சக்தி ஏறாது.

இருந்தும், நஞ்சு விழுந்த பிறகே குட்டியை ஊட்ட விட வேண்டும் என்ற வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. நஞ்சு விழப் பல மணி நேரம் ஆகலாம். நள்ளிரவில் ஈன்ற ஆடென்றால் குட்டி விடியும்வரை பட்டினி கிடக்கும். இந்த வழக்கத்தை விட்டே ஆக வேண்டும். குட்டி காம்பைச் சப்பும்போது தாய்க்குச் சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருங்க வைக்கிறது. நஞ்சு விழவும் அதுவே துணை செய்கிறது.

2 கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் குறைந்தது 200 மில்லி சீம்பால் தேவை. அதில் கால்பங்காவது முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். காம்பு நுனியில் அடைப்பு இருக்கும். இரண்டு பீச்சு பீச்சிவிட்டுக் குட்டியைப் பிடித்து விடுங்கள். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கன்னி ஆடுகள் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். வலுத்த குட்டி முந்திக்கொள்ளும், இளைத்தது ஒதுங்கி நிற்கும். அந்த இளைத்த குட்டிக்குத்தான் வீட்டுக்காரரின் கை தேவை. தலையீத்து ஆடு சில நேரம் குட்டியை உதைத்துத் தள்ளும்; அதைப் பிடித்து நிறுத்தி ஊட்ட வைக்க வேண்டும். தாய் செத்துவிட்டால் அதே நேரத்தில் ஈன்ற வேறொரு ஆட்டின் சீம்பாலைக் கொடுக்கலாம், கிடைக்காவிட்டால் பசுவின் சீம்பாலும் உதவும். இளஞ்சூடாகக் கொடுங்கள். கொதிக்க வைத்தால் திரிந்துபோகும். எதிர்ப்புப் புரதமும் கெடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிறக்கும் குட்டிக்குக் குளிர்தான் முதல் எதிரி. குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால், தலை தூக்காமல் கிடந்தால், உடனே பாலை ஊற்றிவிடக் கூடாது. விழுங்கத் தெம்பில்லாத குட்டிக்குப் பால் நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் சாக்கால் நன்றாகத் துடைத்து, காய்ந்த வைக்கோலில் கிடத்திச் சூடேற்றுங்கள். பழைய குண்டு பல்பு நல்ல சூடு தரும், எல்இடி பல்பு தராது. பல்பை வைக்கோலுக்கு எட்டாத உயரத்தில் கட்டுவது அவசியம். உடம்பு சூடாகிக் குட்டி தானாகச் சப்பத் தொடங்கியதும் பால் கொடுக்கலாம்.

தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு நூலால் கட்டி, சுத்தமான கத்தரியால் வெட்டி, டிஞ்சர் அயோடினில் முக்கி எடுங்கள். சாணியோ சாம்பலோ வைக்கக் கூடாது. மூட்டு வீங்கிக் குட்டி நொண்டுவதற்குப் பல நேரம் காரணம் இந்த ஈரத் தொப்புள் வழியே நுழைந்த கிருமிதான்.

உண்மையில் குட்டி வளர்ப்பு அது பிறக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஐந்து மாதச் சினையில் குட்டி வேகமாக எடை போடுவது கடைசி ஆறு வாரத்தில். அப்போது தாய்க்கு மேய்ச்சலோடு கொஞ்சம் அடர்தீவனமும் வேண்டும். ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு தாய்க்குத் துள்ளுமாரி தடுப்பூசி போட்டால், அதன் பலன் சீம்பால் வழியே குட்டிக்கும் வரும்.

இரண்டு வாரமானதும் அகத்தி, சூபாபுல் தழையைக் கொஞ்சமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். கொறிக்கக் கொறிக்கத்தான் அசைபோடும் வயிறு வளரும். தழையைத் தரையில் போட்டால் புழுக்கை படும். புழுக்கையில் வெளியாகும் ரத்தக்கழிச்சல் கிருமி, ஈரத் தரையில் வீரியம் பெற்று, மூன்று வாரத்துக்கு மேற்பட்ட குட்டிகளைத் தாக்கும். தரையைக் காய வைத்திருங்கள். கழிச்சல் கண்ட குட்டியைப் பிரித்து வைத்து, உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை அடிக்கடி கொடுத்தபடி, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.