அரிய காருக்கும் மலை ஜீப்புக்கும் ஒரே கேள்வி

உலகின் விலை மிகுந்த கார்களுள் ஒன்று மெக்லாரன் எஃப்1. 1990-களில் மொத்தம் 106 கார்கள் மட்டுமே தயாரிக்கப்பட்டன. 2021-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் ஒரு கார் 2 கோடி டாலருக்கும் அதிகமான விலைக்குப் போனது. இத்தனை மதிப்புள்ள காரைப் பரிசோதிக்க, 1990-களில் வெளிவந்த காம்பாக் மடிக்கணினி ஒன்றையே அந்த நிறுவனம் 20 ஆண்டுகளுக்குப் பிறகும் நம்பியிருந்தது. காரின் மின்னணு அமைப்போடு தொடர்புகொள்ளும் சிறப்பு அட்டை அந்த வகைக் கணினியில் மட்டுமே வேலை செய்யும் என்பதுதான் காரணம். கோடிகளில் விலைபோகும் வாகனத்தின் ஆயுள், காயலான் கடைக்குப் போக வேண்டிய ஒரு கணினியின் கையில் இருந்தது.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் மெக்லாரன் வரப்போவதில்லை. ஆனாலும், கள்ளக்குறிச்சிப் பகுதிப் பட்டறைகளில் நின்றுகிடக்கும் ஜீப்புகளையும் சரக்கு வண்டிகளையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணினியின் நினைவு வருகிறது. விலை கொடுத்து வாங்கிய வண்டி நின்றுவிட்டால், அதை மீண்டும் ஓடவைக்க நாம் யாரைச் சார்ந்திருக்கிறோம்? கோடீஸ்வரருக்கும் மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் மலைவாசிக்கும் இந்தக் கேள்வி பொதுவானது.

அரிய கார்களுக்கு உதிரி பாகம் தேடுவோருக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, தயாரித்த நிறுவனத்திடமே போவது. போர்ஷே, ஃபெராரி போன்ற நிறுவனங்கள் தங்கள் பழைய கார்களுக்கென்றே தனிப் பிரிவுகளை நடத்துகின்றன. நிறுவனமே மூடப்பட்டுவிட்டால் அதன் கிடங்கு யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து வண்டிகளின் விதி அமையும். வடக்கு அயர்லாந்தில் சுமார் 9,000 கார்களைத் தயாரித்துவிட்டு 1982-ல் நொடித்துப்போன டெலோரியன் நிறுவனத்தின் மிச்ச பாகங்கள், பின்னாளில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இயங்கும் ஒரு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன. அந்தக் கார்கள் இன்றும் ஓடுவதற்கு அதுவே பெரிய காரணம்.

இரண்டாவது வழி, அதே பாகம் வேறு எந்த வண்டியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. குறைந்த எண்ணிக்கையில் கார் செய்யும் நிறுவனங்கள் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி அச்சு செய்தால் கட்டுப்படியாகாது. எனவே, சந்தையில் ஏற்கெனவே உள்ள பாகங்களை எடுத்துப் பொருத்திக்கொள்கின்றன. 1999-க்குப் பிந்தைய லம்போர்கினி டியாப்லோவின் முகப்பு விளக்கு, நிசான் 300இசட்எக்ஸ் காரினுடையது. ஜாகுவார் எக்ஸ்ஜே220-இன் பின்விளக்கு, சாதாரண ரோவர் 200 காரிலிருந்து வந்தது. பெரிய பெயர் பொறித்த பெட்டியில் வரும்போது ஒரு விலை, அதே பொருள் எளிய பெயரில் வரும்போது வேறு விலை.

மூன்றாவது வழி, புதிதாகச் செய்துகொள்வது. போர்ஷே 959 வெறும் 292 கார்கள் மட்டுமே செய்யப்பட்ட ரகம். அதன் கிளட்ச்சை விடுவிக்கும் நெம்புகோல் கையிருப்பில் தீர்ந்தபோது, உலோகத் தூளை லேசர் கதிரால் உருக்கி அடுக்கடுக்காக வார்க்கும் முப்பரிமாண அச்சு முறையில் அதைச் செய்வதாக 2018-ல் அந்த நிறுவனம் அறிவித்தது. பாகத்தின் துல்லியமான அளவும் உலோகத்தின் தன்மையும் தெரிந்திருந்தால் பத்துப் பாகங்களைக்கூடச் செய்துகொள்ளலாம் என்பதை அது காட்டியது.

நம் நாட்டுக்கும் இதில் அனுபவம் உண்டு. 1990-களின் இறுதியில் கோவாவில் தயாரான இரண்டு இருக்கைகள் கொண்ட 'சான் ஸ்டார்ம்', 2012 தில்லி வாகனக் கண்காட்சியில் அறிமுகமான 'டிசி அவந்தி' ஆகிய இரண்டுமே ரெனோ நிறுவனத்தின் எஞ்சினைப் பயன்படுத்தியவை. சென்னைக்கு அருகே பெருங்களத்தூரில் தயாரான 'ஸ்டாண்டர்டு 2000', 1985-ல் வெளிவந்து சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. இத்தகைய வண்டிகளில் எஞ்சினுக்கு ஏதாவது வழி கிடைத்துவிடும். ஓட்டுபவரைத் திணறவைப்பவை கண்ணாடி, கதவுப் பிடி, விளக்கு மூடி, ரப்பர் விளிம்பு போன்ற சிறு பொருள்கள்தான். அந்த ஒரு ரகத்துக்கென்றே செய்யப்பட்ட பாகங்கள் அவை.

இனி மலைக்கு வருவோம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கு எல்லை கல்வராயன் மலை. மலையாளி பழங்குடி மக்கள் சிதறிய சிற்றூர்களில் வாழும் பகுதி அது. அங்கே வாகனம் என்பது பிரசவத்துக்கும், பள்ளிக்கூடத்துக்கும், விளைச்சலைக் கீழே இறக்கவும் தேவைப்படுவது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தபோது, சாலையும் போக்குவரத்தும் அதில் முக்கியப் பொருளாயின. பேருந்து எட்டாத ஊரில் ஒரு ஜீப் நான்கு நாள் பட்டறையில் நின்றால், அந்த நான்கு நாளும் ஊரே நடந்துதான் இறங்க வேண்டும்.

பழைய ஜீப்புகளுக்கு மேலே சொன்ன மூன்று வழிகளும் தாராளமாகத் திறந்திருந்தன. வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த அந்த வண்டிகளின் அமைப்பு பல ஆண்டுகள் பெரிதாக மாறவில்லை. ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும். கடையில் கிடைக்காவிட்டால் சேலத்திலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ பழைய பாகம் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் லேத் பட்டறையில் புஷ்ஷைக் கடைந்து பொருத்திவிடுவார்கள். படிப்புச் சான்றிதழ் இல்லாத மெக்கானிக்கின் கைத்திறனே அங்கு உத்தரவாதம்.

புதிய வண்டிகளில் இந்தக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகளால் காற்று மாசு குறைந்தது. அது வரவேற்கத்தக்கது. அதே நேரத்தில் சென்சார்களும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் பெருகின. இன்று பழுது என்னவென்று அறியவே ஸ்கேனர் கருவி வேண்டும். சில பாகங்களைப் புதிதாக வாங்கி மாட்டினாலும், நிறுவனத்தின் மென்பொருளில் பதிவு செய்யாதவரை வண்டி அவற்றை ஏற்காது. உள்ளூர் மெக்கானிக்குக்குப் பழுது புரிந்தாலும் பூட்டைத் திறக்கும் சாவி டீலரிடம் இருக்கிறது. மெக்லாரனின் மடிக்கணினி வேறு வடிவத்தில் மலையடிவாரத்துக்கும் வந்துவிட்டது.

இதை இந்திய சட்டம் கவனிக்காமல் இல்லை. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச் சந்தைக்குத் தராமல் தடுத்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகங்களைச் செய்து கொடுக்கும் ஆலைகள் அவற்றை நேரடியாகக் கடைகளில் விற்பதை ஒப்பந்தங்கள் மூலம் நிறுவனங்கள் கட்டுப்படுத்தியதை ஆணையம் சுட்டிக்காட்டியது. தனிப் பட்டறைகளுக்கும் பாகங்களும் தொழில்நுட்ப விவரங்களும் கிடைக்க வேண்டும், வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காகவே உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் கூறியது. பின்னர் மேல்முறையீடுகளில் வழக்கு நீண்டது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது நீக்கும் உரிமை' குறித்துக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளத்தையும் தொடங்கியது. வாகனங்களும் விவசாயக் கருவிகளும் அதன் வரம்பில் உள்ளன. ஆனால், ஓர் இணையதளம் தகவல் தரலாம். பாகத்தை விற்க மறுப்பவரைக் கட்டாயப்படுத்த அதனால் இயலாது.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. போலி பாகங்கள் சந்தையில் தாராளமாகப் புழங்குகின்றன. கொண்டை ஊசி வளைவில் இறங்கும் வண்டிக்குப் போலி பிரேக் ஷூ என்பது விபத்துக்கான முன்பணம். ஆகவேதான் பாகங்களை இரு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். பிரேக், ஸ்டீயரிங், டயர் போன்ற உயிர்காக்கும் பாகங்களில் சிக்கனம் கூடவே கூடாது. விளக்கு மூடி, கதவுப் பிடி, கண்ணாடி போன்றவற்றைப் பழைய வண்டியிலிருந்து எடுத்து மாட்டுவதில் தவறில்லை. மேலும், போலி பெருகுவதற்கே அசல் எட்டாமல் இருப்பதுதான் முதற் காரணம். அசல் பாகம் நியாய விலையில் கள்ளக்குறிச்சிக் கடையிலேயே கிடைத்தால் போலியைத் தேடிப் போகிறவர் எத்தனை பேர்?

வாங்குபவர் செய்யக்கூடியவையும் உள்ளன. பாகத்தின் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டால், அதைச் செய்த ஆலையின் பெயரில் அதே பொருள் கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கினால், உண்மையிலேயே மாற்றினார்களா என்பது தெரியும். புது வண்டி வாங்கும்போது மைலேஜைக் கேட்பதைப் போலவே, அதன் பாகங்கள் எந்த ஊரில், எத்தனை நாளில் கிடைக்கும் என்றும் கேட்க வேண்டும். மலைப் பகுதிக்கு வண்டி வாங்குவோருக்கு இந்தக் கேள்வி முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. ஒரு ரகத்தின் உற்பத்தி நின்ற பிறகு எத்தனை ஆண்டுகள் பாகங்கள் தரப்பட வேண்டும் என்பதைச் சட்டம் வரையறுக்க வேண்டும். பழுது கண்டறியும் மென்பொருளைப் பயிற்சி பெற்ற தனிப் பட்டறைகளுக்கு நியாயக் கட்டணத்தில் தரச் செய்ய வேண்டும். நம் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் அந்தக் கருவிகள் இருந்தால், மலையிலிருந்து படிக்க வரும் இளைஞர்களே நாளை வெள்ளிமலையில் பட்டறை வைப்பார்கள்.

106 கார்களின் உரிமையாளர்களுக்குப் பணம் இருக்கிறது. நிறுவனம் அவர்களைக் கைவிடாது. கல்வராயன் மலையில் கடன் வாங்கி வண்டி ஓட்டுபவருக்கு அந்தச் செல்வாக்கு இல்லை. சட்டத்தின் துணை அவருக்குத்தான் முதலில் தேவை.