சிவப்பு ரோஜாவின் பொருளும் விலையும்



பிப்ரவரி 14-ஆம் நாள் நெருங்கும்போது சிவப்பு ரோஜாவின் விலை ஏறிய செய்தி ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகிறது. அதைப் படிக்கும் அரும்பாவூர்ப் பகுதி உழவர்களுக்கு, "சின்ன வெங்காயத்தை விட்டு நாமும் ரோஜா வைத்தால் என்ன?" என்ற எண்ணம் எழுவது இயல்பே. வெங்காயம் இரண்டு, மூன்று மாதத்தில் வயலை விட்டு நீங்கும். ரோஜா பல ஆண்டுகள் நிற்கும். ஆகவே நடுமுன், அப்பூவை யார், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று அறிதல் நலம்.

பூவுக்குப் பொருள்

பூவுக்குப் பொருள் வைப்பது நமக்குப் புதிதன்று. பழந்தமிழ் வீரர் ஆநிரை கவரச் செல்கையில் வெட்சி சூடினர். வென்றவர் வாகை சூடினர். கிரேக்கரும் உரோமரும் ரோஜாவைக் காதல் தெய்வத்துக்கு உரியதாகக் கொண்டனர். மேலை நாடுகளில் இன்றும் சிவப்பு ரோஜா காதலையும், மஞ்சள் நட்பையும் குறிக்கும். உருசியாவில் பரிசுப் பூக்கள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். இரட்டைப்படை துக்கத்துக்கு உரியது. நாம் மொய் 101 என்று எழுதுவது போன்ற வழக்கமே இது. நம் நாட்டில் நேரு அவர்கள் தம் மேலங்கியில் செருகிய சிவப்பு ரோஜா, நவம்பர் 14 குழந்தைகள் நாளின் அடையாளமாயிற்று.

காதலர் நாளின் பூ

காதலுக்குத் தரும் பூ நீண்ட காம்பும் விரியாத பெரிய மொட்டும் உடையதாய் இருத்தல் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் 'தாஜ்மகால்' இரகம் இதற்கென்றே பசுமைக்குடில்களில் பயிராகிறது. கவாத்து செய்து சுமார் 45 நாளில் பூ வருவதால், டிசம்பர் மத்தியில் கவாத்து செய்து, சனவரி இறுதியிலிருந்து அறுக்கின்றனர். 20 பூக்கள் கொண்ட கட்டாகக் கட்டி, குளிர்நிலையிலேயே அனுப்புகின்றனர்.

பச்சைமலை அடிவாரத்தில் வெப்பம் மிகுதி. வெப்பத்தில் மொட்டு சிறுக்கும், காம்பு குட்டையாகும், சிவப்பு நிறம் வெளிறும். குடிலுக்கும் குளிர்பதனத்துக்கும் கடன் வாங்கி, ஒரு வார விலையை நம்பியிருத்தல் தகாது. 2020-இல் ஊரடங்கு வந்து விழாக்களும் ஏற்றுமதியும் நின்றபோது, ஓசூர்ப் பகுதியில் பூக்களைக் கொட்ட நேர்ந்தது. பூ கெடவில்லை, கொடுக்கும் வழக்கம் நின்றது, விலையும் நின்றது.

நம் ஊர்ப் பூ

நம்மிடம் ரோஜாவைக் கொடுக்கும் நாள் ஒன்றன்று. கோயில் மாலை, மணமாலை, வரவேற்பு, இறுதி மரியாதை எனப் பல. மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூரில், இறைவனுக்குச் சாத்தும் பூவின் தேவையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இப்பூவுக்குக் காம்பு வேண்டா, எடைக்கே விற்கும். திறந்தவெளியில் வளரும் ஆந்திரச் சிவப்பு இரகம் இதற்கு ஏற்றது. மணத்துக்கு 'எட்வர்டு' எனும் பன்னீர் ரோஜாவையும் சேர்க்கலாம். அதன் நிறம் இளஞ்சிவப்பு.

செய்ய வேண்டுவன

நீர் தேங்காத நிலத்தில் 45 செ.மீ. நீள, அகல, ஆழக் குழிகளில், வரிசைக்கு வரிசை 2 மீட்டரும் செடிக்குச் செடி 1 மீட்டரும் விட்டு நடவும். பத்து சென்டுக்குச் சுமார் 200 செடிகள் போதும். கவாத்துக்குப் பின் செடிக்கு 10 கிலோ தொழு உரம் வீதம் இரண்டு டன் தேவைப்படும். வெட்டிய முனைகளில் போர்டோப் பசை தடவினால் நுனிக்கருகல் தாக்காது.

தை மாதத் திருமணங்களுக்குப் பூ வேண்டுமானால், பாதிச் செடிகளை நவம்பர் இறுதியிலும், மீதியைப் பதினைந்து நாள் கழித்தும் கவாத்து செய்க. விரிந்த பூக்களை விடியற்காலையில் பறித்து, வெயிலேறுமுன் சந்தைக்கு அனுப்புக.

முதலில் திருவரங்கம் போன்ற பூச்சந்தைக்கு ஒரு முறை சென்று, எந்தப் பூ, எந்த நாளில், எதற்காக வாங்கப்படுகிறது எனக் கேட்டறிந்து வாருங்கள். பத்து சென்டில் தொடங்கி, வரவு செலவைக் குறித்து, இலாபம் கண்டபின் பரப்பைப் பெருக்குங்கள். அதுவரை வெங்காயம் உங்கள் வயலில் இருக்கட்டும்.